வாசகர் கேள்விகள்: வெளிப்புற ஹார்டு டிஸ்க்கின் கோப்பு முறைமையை மாற்றுவது எப்படி?

இம்முறை வந்த கேள்விகளில் பல வெளிப்புற ஹார்டு டிஸ்க்கையும் அதன் கோப்பு முறைமையையும் பற்றியே இருந்ததால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 2 டெராபைட் வெளிப்புற ஹார்டு டிஸ்க் இருக்கிறது. பல ஆண்டுகளாக விண்டோஸ் கணினியில் பயன்படுத்தி வருகிறேன். குடும்பப் புகைப்படங்களும் வீடியோக்களுமாகச் சுமார் 1,300 ஜிபி நிரம்பியிருக்கிறது. அண்மையில் என் மகள் மேக் மடிக்கணினி வாங்கினாள். அதில் இந்த டிஸ்க்கைச் செருகினால் படங்கள் திறக்கின்றன; ஆனால் புதிதாக ஒரு கோப்பைக்கூட உள்ளே நகலெடுக்க முடியவில்லை. கோப்பு முறைமையை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உள்ளே இருப்பதை அழிக்காமல் மாற்ற வழி உண்டா? எந்த முறைமைக்கு மாற்றலாம்?

பதில்: டிஸ்க்கிலும் குறை இல்லை, மேக்கிலும் குறை இல்லை. உங்கள் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறைமையில் இருக்கிறது. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வெளிவந்த இந்த முறைமையை மேக் இயங்குதளம் படிக்கும். ஆனால் தானாக அதில் எழுதாது. படங்கள் திறந்தும் புதிய கோப்பு ஏறாமல் போவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். டிஸ்க் என்பது எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான சிறு அறைகளின் வரிசை. எந்தப் படம் எந்த அறையில் தொடங்கி எந்தெந்த அறைகளில் தொடர்கிறது, எந்த அறைகள் காலியாக உள்ளன, எந்தக் கோப்பு எந்த உறைக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துவைக்கும் பேரேடும், அந்தப் பேரேட்டை எழுதும் விதிகளும் சேர்ந்ததுதான் கோப்பு முறைமை. ஆகவே ‘கோப்பு முறைமையை மாற்றுதல்’ என்ற சொல்லே நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. கடைக் கணக்கை ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்குப் பெயர்த்தெழுதுவதைப் போன்ற வேலை அன்று இது; பழைய பேரேட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, வெற்றுப் பேரேடு ஒன்றைத் திறந்துவைக்கும் வேலை. என்டிஎஃப்எஸ் முறைமையிலிருந்து வேறொன்றுக்கு, உள்ளே இருப்பதை இருந்தபடியே வைத்துக்கொண்டு மாறுவதற்கான வசதி விண்டோஸிலும் இல்லை, மேக்கிலும் இல்லை.

அப்படி மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன. டிஸ்க்கில் காலியாக இருக்கும் இடத்தைத் தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்து, அதைப் புதிய முறைமையில் அமைத்து, கோப்புகளைச் சிறிது சிறிதாக அங்கே நகர்த்தும் வழியையும் சிலர் சொல்வார்கள். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலாவதில், வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனாலோ கேபிள் சற்று நழுவினாலோ, பழைய பேரேடும் இல்லை, புதியதும் முழுமையாகவில்லை என்ற நிலையில் டிஸ்க் நின்றுவிடும். இரண்டாவது வழியில் என்டிஎஃப்எஸ் பகுதியைச் சுருக்க முடியுமே தவிர, விண்டோஸுக்கும் மேக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் என்ற முறைமையில் அமைத்த பகுதியை விண்டோஸால் பிறகு விரிக்க முடியாது என்பதால், கடைசியில் ஒரே டிஸ்க் இரண்டு துண்டாகக் கிடக்கும்.

எனவே உங்களுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும். கேள்வியை எழுதியபோது நீங்கள் இதை எண்ணியிருக்க மாட்டீர்கள். ஆனால் அதைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, 1,300 ஜிபி குடும்பப் படங்களும் ஒரே டிஸ்க்கில், ஒரே பிரதியாக இருக்கின்றன என்பதுதான். கோப்பு முறைமை பொருந்தாதது ஒரு தொந்தரவு மட்டுமே; பல ஆண்டுகள் ஓடிய ஒற்றை டிஸ்க்கோ எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகக்கூடிய பொருள். இரண்டாவது டிஸ்க்கை வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, பழையதை ஃபார்மட் செய்து, கோப்புகளைத் திரும்ப ஏற்றிய பிறகு, அந்த இரண்டாவது டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அப்படியே இரண்டாம் பிரதியாக அலமாரியில் இருக்கட்டும்.

எந்த முறைமை என்றால், விண்டோஸும் மேக்கும் மாறி மாறிப் பயன்படுத்தும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் போதும். மைக்ரோசாஃப்ட் 2006இல் அறிமுகப்படுத்திய இது, 2008இல் விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்குடன் மேசைக் கணினிகளுக்கும், 2010இல் 10.6.5 பதிப்புடன் மேக்குக்கும் வந்தது. எஸ்டிஎக்ஸ்சி வகை மெமரி கார்டுகளுக்கு இதுவே விதிக்கப்பட்ட முறைமை என்பதால், கேமரா வைத்திருப்பவர்கள் பெயர் தெரியாமலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்றை இழக்கிறீர்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ் தன் பேரேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகே செய்யும். இதை ஜர்னல் என்பார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால்கூட, அடுத்த முறை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சீர்செய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் இல்லை. ஆகவே ‘எஜெக்ட்’ கொடுக்காமல் டிஸ்க்கைக் கழற்றும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்த மாற்றத்தோடு அந்தப் பழக்கமும் போக வேண்டும். தொலைக்காட்சியிலோ விளையாட்டுக் கருவியிலோ இதே டிஸ்க்கைச் செருகுவதாக இருந்தால், அந்தக் கருவி எதைப் படிக்கும் என்பதை அதன் கையேட்டில் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, பிளேஸ்டேஷன் 4 எக்ஸ்ஃபேட்டை ஏற்கும், என்டிஎஃப்எஸ்ஸை ஏற்காது.

நகலெடுக்கும் வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 3.0 இணைப்பில் சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி என்ற அளவில் எழுதுகிறது என்று கொண்டால், 1,300 ஜிபி செல்ல ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும்; திரும்பி வர இன்னொரு 4 மணி நேரம். சிறு சிறு கோப்புகள் நிறைய இருந்தால் இது கூடும். கணினியிலோ கேபிளிலோ பழைய யூஎஸ்பி 2.0 இருந்தால், ஒரு வழிப் பயணமே 10 மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதற்கிடையில் மடிக்கணினி உறக்க நிலைக்குச் செல்லாதபடி அமைத்துவையுங்கள்.

நகல் முடிந்ததும், ஃபார்மட் செய்வதற்கு முன், இரு டிஸ்க்குகளிலும் ஒவ்வொரு பெரிய உறையின் பண்புகளையும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் முழுவதையும் ஒரே எண்ணாக ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். விண்டோஸ் தனக்காக மறைத்து வைத்திருக்கும் உறைகளும் குப்பைத்தொட்டியும் கணக்கில் புகுந்து எண்கள் வேறுபடும். சில நீளமான வீடியோக்களைத் தொடக்கத்தில் மட்டுமின்றி நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸில் சாதாரணமாக நகலெடுத்தால், கோப்பு ‘உருவாக்கப்பட்ட தேதி’ நகலெடுத்த நாளாக மாறிவிடும். ‘திருத்தப்பட்ட தேதி’ மாறாது. கேமரா எடுத்த படங்களுக்குள்ளேயே எடுத்த நாள் பதிவாகியிருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. ஆனால் பழைய படங்களை ஸ்கேன் செய்து, உருவாக்கப்பட்ட தேதியை நம்பி வரிசைப்படுத்தி வைத்திருந்தால், அந்த வரிசை கலைந்துவிடும். அத்தகையவற்றின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுவது நல்லது.

ஃபார்மட் செய்வது இவ்வளவு வேலைகளிலும் மிக எளியது. விண்டோஸில் அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து ‘ஃபார்மட்’டைத் தேர்ந்தெடுத்து, கோப்பு முறைமைப் பட்டியலில் எக்ஸ்ஃபேட்டைக் குறித்து, ‘குவிக் ஃபார்மட்’ என்பதில் டிக் இருக்கும்படி விட்டுத் தொடங்கினால் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். மேக்கில் என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் ‘எரேஸ்’ என்பதுதான் அதே வேலையைச் செய்யும்.

எளியது என்பதாலேயே இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே அளவும் ஒரே கறுப்பு நிறமும் கொண்ட இரண்டு டிஸ்க்குகளை ஒரே கணினியில் செருகிவைத்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். இடையில் ஒன்றைக் கழற்றித் திரும்பச் செருகியபோது விண்டோஸ் அதற்கு அடையாளமாகத் தரும் இயக்கக எழுத்து ‘இ’ என்பதிலிருந்து ‘எஃப்’ ஆகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஃபார்மட் ஆனது, சற்று முன் நகலெடுத்து முடித்திருந்த புதிய டிஸ்க். பழையதை இன்னும் தொடாதிருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து, ஃபார்மட் செய்யப்போகும் டிஸ்க்குக்கு முதலில் ‘அழிக்கலாம்’ என்று பெயரிடுகிறேன். மற்ற டிஸ்க்குகள் அனைத்தையும் கழற்றி மேசையின் மறுமுனையில் வைத்துவிட்டே அந்தப் பொத்தானைத் தொடுகிறேன்.

கேள்வி: என் டிஸ்க்கில் 100 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 6 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவை நகலெடுத்தால் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுத்துவிடுகிறது. இடம் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: உங்கள் டிஸ்க் ஃபேட்32 முறைமையில் இருக்கிறது. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்த இதன் பேரேட்டில், ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுத 32 பிட் அகலமுள்ள ஒரு கட்டம் மட்டுமே உண்டு. அந்தக் கட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 429,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதைவிடப் பெரிய கோப்பின் அளவை எழுத இடமே இல்லாததால்தான் மறுக்கிறது. எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை.

உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. முந்தைய பதிலில் அழிக்காமல் மாற்ற முடியாது என்று சொன்னதற்கு விதிவிலக்கு இதுதான்: ஃபேட்32இலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மட்டும், உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டே மாறும் கட்டளையை விண்டோஸ் தன்னோடு வைத்திருக்கிறது. அதன் பெயர் ‘கன்வர்ட்’. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அந்தப் பெயரைத் தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு இயக்ககத்தின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, ‘எஃப்எஸ்’, முக்காற்புள்ளி, ‘என்டிஎஃப்எஸ்’ ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால், டிஸ்க்கின் தற்போதைய பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு வேலையைத் தொடங்கும். டிஸ்க்கில் ஓரளவு காலி இடம் இருக்க வேண்டும். உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது. இது ஒருவழிப் பாதை; திரும்ப ஃபேட்32க்குப் போக வேண்டுமென்றால் ஃபார்மட் செய்வதைத் தவிர வழியில்லை. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற இந்தக் கட்டளை உதவாது. அழிக்காமல் மாற்றும் கட்டளைதானே என்று பிரதி எடுக்காமல் தொடங்கிவிடவும் வேண்டாம்.

கேள்வி: நண்பர் மேக்கில் பயன்படுத்திய டிஸ்க்கை என் விண்டோஸ் கணினியில் செருகியதும், ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்கிறது. செய்யலாமா?

பதில்: கூடாது. ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். மேக்கின் ஏபிஎஃப்எஸ் முறைமையையோ அதற்கு முந்தைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையையோ விண்டோஸ் அறியாது. தனக்குத் தெரியாத பேரேட்டைப் பார்த்ததும், பேரேடே இல்லை என்று முடிவுசெய்து புதிதாக எழுதட்டுமா என்று கேட்கிறது. சில டிஸ்க்குகளுக்கு இதைக்கூடக் கேட்காமல், இயக்கக எழுத்தே தராமல் விட்டுவிடும். கோப்புகள் எல்லாம் உள்ளே நலமாகவே இருக்கும். நண்பரின் மேக்கிலேயே திறந்து, வேண்டியதை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நேற்றுவரை இதே கணினியில் திறந்துகொண்டிருந்த டிஸ்க் இன்று இப்படிக் கேட்டால் அது வேறு கதை. கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மேலும் மேலும் இயக்கிப் பார்ப்பது மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் உருவாக்குநர். என் வேலைக் கோப்புகளை என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலிருந்து புதிதாக எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அதே கோப்புகள், அதே எண்ணிக்கை. ஆனால் பிடிக்கும் இடம் பன்மடங்காகக் காட்டுகிறது. ஏதாவது தவறு நடந்திருக்கிறதா?

பதில்: தவறு ஏதுமில்லை. டிஸ்க்கின் இடத்தைக் கோப்பு முறைமை பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை, கட்டுக்கட்டாகவே கொடுக்கிறது. அந்தக் கட்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர். உங்கள் டிஸ்க் அளவில் விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் கிளஸ்டர் என்டிஎஃப்எஸ்ஸில் 4 கேபி. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டில் அதுவே 128 கேபி. ஒரு கோப்பு 2 கேபிதான் என்றாலும் ஒரு முழுக் கட்டு அதற்கே போய்விடும். 2 கேபி அளவில் 1,00,000 கோப்புகள் இருந்தால், உள்ளடக்கம் மொத்தம் 200 எம்பிதான். என்டிஎஃப்எஸ்ஸில் அவை 400 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கும், எக்ஸ்ஃபேட்டிலோ 12 ஜிபியைத் தாண்டும். நிரல் கோப்புகள் அனைத்தும் இந்த வகைதானே. படங்களும் வீடியோக்களும் வைப்பவர்களுக்கு இது பொருட்டே அன்று. 5 எம்பி படத்தில் வீணாவது அதிகம் போனால் ஒரு கட்டுக்குள் அடங்கிவிடும்.

மறுபடி ஃபார்மட் செய்ய முடியுமானால், ‘அலொகேஷன் யூனிட் சைஸ்’ என்ற இடத்தில் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒவ்வொரு வேலையையும் ஒரே ஜிப் கோப்பாக்கி வைப்பேன். இடமும் மிச்சம், நகலெடுக்கும் நேரமும் மிச்சம்.

கேள்வி: பழைய டிஸ்க்கை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறேன். குவிக் ஃபார்மட் செய்தால் போதுமா?

பதில்: போதாது. குவிக் ஃபார்மட் பேரேட்டை மட்டுமே புதிதாக எழுதுகிறது. அறைகளில் இருந்தவை அப்படியே கிடக்கும், மீட்பு மென்பொருள் ஒன்றால் அவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். தவறுதலாக ஃபார்மட் செய்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் இதே செய்தி, கொடுக்கப்போகிறவருக்கு எச்சரிக்கை. குவிக் ஃபார்மட்டின் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் நெடுகிலும் சுழியங்களை எழுதுவது என்பதால், 2 டெராபைட் டிஸ்க்குக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். இது சுழலும் தட்டு கொண்ட டிஸ்க்குக்குத்தான் சரி. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் நீங்கள் எழுதுவது பழைய தரவு இருந்த அதே இடத்தில்தான் விழும் என்ற உறுதி இல்லை. அதற்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்பு மென்பொருளே ஏற்றது.

கேள்வி: லினக்ஸுக்கு மாறிவிட்டேன். டிஸ்க்கை எக்ஸ்ட்4 முறைமையில் ஃபார்மட் செய்து, பழைய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தபோது, தமிழில் நீளமாகப் பெயரிட்ட சில கட்டுரைகள் மட்டும் ‘கோப்பின் பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிட்டன. அதே நீளத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்கள் சிக்கலின்றி ஏறின. தமிழுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: ஓரவஞ்சனைதான், ஆனால் வேண்டுமென்றே செய்ததன்று. என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் பெயரை எழுத்துக்குறிகளாக எண்ணி 255 வரை அனுமதிக்கின்றன. எக்ஸ்ட்4 பைட்டுகளை எண்ணி 255 என்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், ஆக 15 பைட். எனவே தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பது 85 குறிகள் மட்டுமே. பெயர்களை என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலேயே சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து வந்த கோப்புகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகிவிடும். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் லினக்ஸில் ‘கொலு’ என்று தட்டச்சிட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் ‘கொலு’ உறை அகப்படாமல் போகலாம். அந்த உறையின் பெயரை அழித்துவிட்டு லினக்ஸிலேயே ஒருமுறை புதிதாகத் தட்டச்சிட்டால் சரியாகிவிடும்.

அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினிகளுக்கும் கொண்டுபோவதாக இருந்தால் எக்ஸ்ட்4 வேண்டாம். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் எக்ஸ்ஃபேட் ஆதரவு 2019இல் 5.4 பதிப்பில் தொடங்கி, 2020இல் 5.7 பதிப்பில் மேம்பட்டது. என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் வல்ல புதிய டிரைவர் 2021இல் 5.15 பதிப்போடு சேர்ந்தது. லினக்ஸ் கணினிகளுக்கிடையே மட்டும் என்றால் எக்ஸ்ட்4 மிகப் பொருத்தமானது. ஆனால் அது உரிமையாளரைப் பெயரால் அன்றிப் பயனர் எண்ணாலேயே நினைவில் வைத்திருக்கும் என்பதால், வேறொரு கணினியில் உங்கள் எண் மாறியிருந்தால், உங்கள் கோப்புகளிலேயே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லக்கூடும். அப்போது நிர்வாகியாக நுழைந்து உரிமையாளரை மாற்றிக்கொள்ளுங்கள். மறுபடி ஃபார்மட் செய்யத் தேவையில்லை.